மலைவீட்டு முற்றத்துக்கு ஒலி அமைப்பு

கூரை போட்ட சிட் அவுட், அதை ஒட்டிக் கல் பாவிய முற்றம், அதற்கப்பால் சரிந்து இறங்கும் தேயிலை என அமைந்த வீடுகள் கோத்தகிரிப் பக்கம் நிறைய உண்டு. அப்படி ஓர் இடம் அமைந்துவிட்டால் அங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் ஆசை தானாக வந்துவிடுகிறது. உடனே கூடத்தில் இருப்பதைவிடப் பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சுவரில் மாட்டிவிடுகிறார்கள். மலையில் செய்யக்கூடாத முதல் காரியம் அதுதான் என்பேன்.

அறைக்குள் ஒலி சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வந்து காதை நிறைக்கிறது. திறந்தவெளியில் அந்த உதவி கிடையாது. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலியளவு சுமார் 6 டெசிபல் இறங்கிவிடும். ஸ்பீக்கரிலிருந்து 2 மீட்டரில் 76 டெசிபலாக இருப்பது 8 மீட்டரில் 64 ஆகிவிடுவதால், கடைசி நாற்காலிக்காரருக்குக் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டினால் முதல் நாற்காலிக்காரர் பேச்சைக் கைவிட வேண்டியதுதான். எனவே ஒரு பெரிய பெட்டி வாங்கும் பணத்தில் நான்கு சிறிய பெட்டிகளை வாங்கி, உட்காருமிடத்தைச் சுற்றி, யாருக்கும் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் தள்ளிப் போகாதபடி வைத்துக் குறைந்த ஒலியில் கேட்பதே நல்லது. முற்றத்தின் விளிம்பில் வைப்பவற்றின் முதுகு பள்ளத்தாக்குக்கும் முகம் வீட்டுக்கும் இருக்க வேண்டும். ஆளுக்கொரு மூலையில் உட்காரும் இடத்தில் ஸ்டீரியோவால் பெரிய பயனில்லை. ஒருவருக்கு வயலினும் இன்னொருவருக்கு மிருதங்கமும் மட்டும் கேட்பதைவிட இரண்டு சேனலையும் கலந்து மோனோவாக அனுப்பிவிடலாம்.

வெளியில் முதலில் காணாமல் போவது பேஸ் எனும் தாழ்ந்த ஒலி. அதை மீட்க, அந்த ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டியைத் திறந்த புல்வெளியில் வைக்காமல், சிட் அவுட்டின் இரு சுவர்கள் தரையோடு சேரும் மூலையில் வைத்தால், அந்தப் பரப்புகளே அதன் பலத்தைக் கூட்டித் தரும். ஆனால் தாழ்ந்த ஒலிக்கு முகம், முதுகு என்ற வேறுபாடு அநேகமாக இல்லை. அது எல்லாத் திசையிலும் பரவும், வேலியையும் தாண்டும். பக்கத்து வீட்டாரின் முகச்சுளிப்பு பெரும்பாலும் இதனால்தான்.

மலையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வானம் தெளிந்த குளிர்கால இரவுகளில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கி, அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று நிற்கும்போது, மேல்நோக்கிப் போக வேண்டிய ஒலி வளைந்து மறுபடியும் கீழே இறங்குகிறது. எதிர்மலை ஹட்டியின் (படுகர் ஊர்) திருவிழா மைக் செட் நம் படுக்கையறை வரை வருவது அப்படித்தான். நம் பாட்டும் அதே வழியில் அங்கே போய்ச் சேரும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று அளவு வைத்திருக்கின்றன. தனியார் இடத்து ஒலி தன் எல்லையில் அந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. ஸ்பீக்கரை மாட்டியவுடன் வேலி ஓரம் நின்று கேட்டுப் பார்த்து அதற்கேற்ப ஒலியளவை வைப்பது என் வழக்கம். கைபேசிச் செயலி துல்லியமாக அளக்காது என்றாலும் ஒரு மதிப்பீட்டுக்குப் போதும்.

இங்கே மழையைவிடப் பொல்லாதது மூடுபனி. ஐபி65 என்று அச்சிட்ட பெட்டி தூசியையும் பீய்ச்சும் நீரையும் தடுக்கும். ஆனால் ஈரக்காற்று வயர் முனை வரை போய், இரவுக் குளிரில் நீராகப் படியும். சில மாதங்களில் செம்பில் பச்சையாகக் களிம்பு ஏறி, ஒலி விட்டுவிட்டு வரத் தொடங்கும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர், துரு ஏறாத ஸ்டெயின்லெஸ் திருகு, ஸ்பீக்கருக்குள் அதிரும் கூம்பு காகிதத்துக்குப் பதிலாகப் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில், இம்மூன்றையும் கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். பெட்டிக்குள் நுழையுமுன் வயரைக் கீழே தொங்க ஒரு வளைவு விட்டால், வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஆம்ப்ளிஃபையர் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அங்கிருந்து 20 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுத்தால் போகவரச் சுமார் 0.3 ஓம் தடைதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டல்ல. அதைவிட நீண்ட தூரம் என்றால் மைக் செட்காரர்கள் பயன்படுத்தும், வயரில் மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்பும் 100 வோல்ட் லைன் முறை நல்லது. வயரைக் குழாயில் விட்டு மண்ணில் ஆழமாகப் புதையுங்கள்: மேலே கிடந்தால் குரங்கு இழுக்கும், ஆழமில்லாமல் புதைத்தால் இரவில் மேய வரும் காட்டுமாட்டின் ஒரு மிதி குழாய் வளையும் இணைப்பை விரிசல் விடச் செய்துவிடும். இடி தொடங்கும் சித்திரை, வைகாசி மாலைகளில் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையும் பிடுங்கி, வெளியே போகும் ஸ்பீக்கர் வயரையும் ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். அந்த நீண்ட வயர் வழியாகவும் மின்னல் உள்ளே வரும்.