ஒன்பதாவது துடிப்பு

"இங்க பாருங்க மாமா, பதில் சொல்லுதுங்க!"

கோவை பீளமேட்டில் அக்கா மகன் லாஜிக் அனலைசர் திரையைக் காட்டினான்; கம்பியில் ஓடும் துடிப்புகளை அலையாக வரைந்து காட்டும் கருவி. எட்டு பிட் போனதும், ஒன்பதாவது துடிப்பில் அந்தச் சின்ன வெப்ப சென்சார் தரவுக் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்தது. 'வந்து சேர்ந்தது' என்று அர்த்தம்.

ஐ-ஸ்கொயர்-சி (I²C): சிப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை. 1982இல் பிலிப்ஸ் உருவாக்கியது. தரவுக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று, இரண்டே கம்பி. சிப்புக்குச் சிப்பு பொதுவாக 7 பிட் முகவரி; கூப்பிட்டால்தான் வாய் திறக்கும்.

பம்புசெட் கன்ட்ரோலர் போர்டு செய்கிற ஊர் இது. இங்கே படிக்கிற பிள்ளைகள் யாரோ எழுதிவைத்த மென்பொருள் லைப்ரரியை மட்டும் நம்பாமல் இந்த அலையைக் கண்ணால் பார்க்க வேண்டும். சிப்பின் விவரத்தாளான டேட்டாஷீட்டில் உள்ள டைமிங் படத்தைத் திரையோடு ஒப்பிட்டாலே பல பிழைகள் பிடிபடும்.

அப்புறம் எஸ்பிஐ (SPI) என்ற இன்னொரு சிப்புப் பேச்சு முறையைப் படிக்கப் போகிறானாம். வேகம் அதிகம், கம்பி நான்கு. ஆனால் 'சேர்ந்தது' என்று சொல்லும் அந்த ஒரு பிட் அதில் கிடையாது.