7ஆம் எண் அறையின் தகரம்

கம்பெனி எனக்குத் தங்கக் கொடுப்பது ஓர் இரவுக்கு 80 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். 2018ல் முதன்முதலாகப் பினாங்குக்கு அனுப்பியபோதும் 80, இப்போதும் 80. இடையில் ரொட்டி சானாய் எத்தனை தடவை விலை ஏறியது என்று மேனேஜரிடம் கேட்டால் சிரிப்பார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த 80ஐ மட்டும் அசைக்க மாட்டார்.

ஆபீஸ் கோலாலம்பூரில். கிரேன்களின் மின்சாரப் பகுதியைப் பழுது பார்ப்பது என் வேலை. கிரேன் எங்கே நிற்கிறதோ அங்கே நான் போக வேண்டும். கிள்ளான், குவாந்தான் என்று சுற்றினாலும் அதிகம் போனது வடக்கேதான். பட்டர்வொர்த்தை ஒட்டிய பிறை என்ற ஊரில் தண்ணீர் ஓரமாக ஒரு தனியார் யார்டு. அங்கே தண்டவாளத்தில் ஓடும் பழைய கிரேன் ஒன்று. வருடத்துக்கு நாலு தடவையாவது அது என்னைக் கூப்பிட்டுவிடும்.

வேலை பெருநிலத்தில் பட்டர்வொர்த் பக்கம், நான் தங்கியது கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்குத் தீவில். ஏன் என்று மேனேஜர் கேட்டதற்கு, "அங்க ரூம் கிடைக்கல" என்றேன். பொய். சாப்பாட்டுக்காகத்தான். நாள் முழுக்க கிரீஸ் நாற்றத்தில் கிடந்துவிட்டு, ராத்திரி ஒரு தட்டுச் சோற்றில் மூன்று குழம்பையும் வெள்ளமாக ஊற்றச் சொல்லி நாசி கண்டார் சாப்பிட வேண்டும். மறுநாள் காலையில் பாசார் ஸ்ட்ரீட்டில் இட்லி. இதற்காகப் பெரி என்கிற ஃபெர்ரிப் படகில் கடல் தாண்டுவது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை.

அப்போது ஓடியது பழைய இரண்டு தட்டுப் பெரி. பட்டர்வொர்த்தில் ஏறும்போது 1 வெள்ளி 20 காசு. தீவிலிருந்து திரும்பும்போது இலவசம். எனக்கு லாபம், கணக்குப் பகுதிக்குத் தலைவலி. "ஒரு பக்கத்துக்குத்தான் டிக்கெட் இருக்கு, இன்னொரு பக்கம் எங்கே?" என்று ஒவ்வொரு மாதமும் கேட்பார்கள். ஒவ்வொரு மாதமும் விளக்குவேன். அதோடு, பினாங்கில் இந்த மாதிரிச் சின்ன விடுதிகளில் 2014 முதல் ஓர் அறைக்கு இரவுக்கு 2 வெள்ளி ஊராட்சிக் கட்டணம் வேறு. பில்லில் 82 என்று வரும். அந்த 2 வெள்ளியைச் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்புவார்கள்.

விடுதி சூலியா ஸ்ட்ரீட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தது. பழைய கடைவீட்டை மாற்றிக் கட்டியது. 2008ல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு இப்படி எத்தனையோ கடைவீடுகள் விடுதிகளாகிவிட்டன. வாசலில் ஐந்தடி என்கிற கூரை போட்ட நடைபாதை, அதைத் தாண்டினால் கவுன்டர், கவுன்டருக்குப் பின்னால் ரயில்பெட்டி மாதிரி நீளமாகப் போகும் கட்டடம். முன்னறைக்குத் தெருச் சன்னல்; அது 120 வெள்ளி. மற்ற அறைகளுக்குச் சன்னலே கிடையாது. 7ஆம் எண் அறைக்கு மட்டும் சன்னல் உண்டு என்று போட்டிருந்தது, விலையும் 80தான். சந்தோஷமாக எடுத்தேன். திரையை விலக்கினால் சன்னலுக்கு வெளியே கட்டடத்தின் நடு முற்றம். எதிரே கைக்கெட்டும் தூரத்தில் பாசி பிடித்த சுவர், கீழே தண்ணீர்த் தொட்டி, மேலே முற்றத்தை முக்கால்வாசி மூடிய தகரம். சன்னல்தான், இல்லை என்று சொல்ல முடியாது.

கூரையில் தொழுகைத் திசை காட்டும் கிப்லா அம்புக்குறி, கதவில் டுரியானுக்குத் தடை, குளியலறையில் குளித்தால் கழிப்பறைக் காகிதமும் சேர்ந்து குளிக்கும். இதெல்லாம் எனக்குப் பழக்கம். தகரம்தான் பழக்கமில்லை. முதல் இரவு இரண்டு மணிக்கு 'டக்' என்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டக்'. ஒரே சீராகத் தட்டினால் தூங்கிவிடலாம். அடுத்தது எப்போது என்று காத்திருக்க வைத்தால் எப்படித் தூங்குவது?

கீழே இறங்கிப் போனேன். கவுன்டரில் ராத்திரி நேரத்துக்கு ஒரு பெரியவர். எல்லாரும் அவரை நானா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நாலு தலைமுறையாகப் பினாங்கில் இருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். அவருடைய வாப்பா துறைமுகத்தில் தொங்கான் என்ற சரக்குப் படகில் சரக்கு இறக்கியவர். கப்பல் நடுக்கடலில் நிற்க, தொங்கானில் மூட்டைகளைக் கரை சேர்த்த காலம் அது.

"நானா, மேல தகரம் ஆடுது."

"ஆடும் தம்பி. போன வருசம் நவம்பர்ல ஒரு காத்து அடிச்சுச்சே, பழைய தகரம் அதுல பறந்துருச்சு. புதுசு போட்ட ஆளு திருகு பத்தலன்னு ஒரு பக்கத்த அப்படியே விட்டுட்டுப் போயிட்டான்."

2017 நவம்பர் 4ஆம் தேதி ராத்திரியைத்தான் சொன்னார். அன்றைக்குப் பினாங்கில் மரங்கள் வேரோடு சாய்ந்து, ஊரே வெள்ளத்தில் கிடந்தது. ஆள் சொல்லி இறுக்கச் சொல்கிறேன் என்றார். நாளைக்கே நான் கிளம்பிவிடுவேன், யாருக்கு வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் யார்டில் கிரேனின் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரேன் உச்சியில் காற்றின் வேகம் அளக்கும் கருவி ஒன்று இருக்கும்; மூன்று சின்னக் கிண்ணங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த யார்டில் வினாடிக்கு 15 மீட்டர் காட்டினால் மஞ்சள் விளக்கு எரிந்து மணி அடிக்கும். 20ஐத் தொட்டால், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர், மோட்டார்கள் தானாக நின்றுவிடும். அதனால் மஞ்சள் எரியும்போதே ஓட்டுநர் கிரேனை நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோய், தரையில் உள்ள குழிக்குள் இரும்புப் பின்னை இறக்கிவிட வேண்டும். அத்தனை டன் எடையுள்ள இரும்பைக் காற்று என்ன செய்யும் என்று கேட்பவர்கள் தண்டவாளத்தில் சக்கரத்தின் மேல் நிற்கும் கிரேனைப் பார்த்ததில்லை.

பதிவேட்டில் விடிகாலை 4:25க்கு 13 மீட்டர் என்று இருந்தது. எனக்கு ஞாபகம் இருந்தது: நாலேகாலுக்கு மேல்தான் அந்தத் தகரம் விடாமல் கடகடவென்று அடித்து என்னை எழுப்பியது. போனில் மணி பார்த்தேன், 4:20.

அதற்கப்புறம் ஒவ்வொரு பயணத்திலும் 7ஆம் எண் அறையையே கேட்டு வாங்கினேன். காரணம் கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும். மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா காற்று என்று ஒன்று வரும். ராத்திரியில் சுமத்ரா பக்கம் திரண்டு, இடிமழையோடு வரிசை கட்டி கிழக்கே நகர்ந்து, பெரும்பாலும் விடிகாலையில் நம் கரையைத் தொடும். வந்தால் ஒன்றிரண்டு மணி நேரம், அப்புறம் வெயில். மேற்கிலிருந்து வருவதால் முதலில் தீவு, அடுத்துதான் பட்டர்வொர்த். நடுவில் சுமார் 3 கிலோமீட்டர் கடல். காற்று வரிசை மணிக்கு 40, 45 கிலோமீட்டரில் நகர்ந்தால் எனக்கு நாலைந்து நிமிடம் முன்னால் சேதி தெரியும். சாப்பாட்டுக்காகச் சொன்ன பொய்க்கு இப்படி ஒரு நியாயம் கிடைத்தது.

தகரத்துக்கு மூன்று குரல். விட்டு விட்டு 'டக்' என்றால் சாதாரண ராத்திரிக் காற்று, தூங்கலாம். தொடர்ந்து கடகடவென்றால் மழை வருகிறது, ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். தகரம் ஒரு கணம் மௌனமாக மேலே தூக்கி, அப்புறம் 'படார்' என்று விழுந்தால் எழுந்து சட்டையைத் தேட வேண்டியதுதான். அந்த ஒரு கண மௌனம் இருக்கிறதே, அதற்கு இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும்.

2022 ஆகஸ்டில் உப்புக்காற்று அந்தக் காற்றுக் கருவியின் பேரிங்கைத் தின்றுவிட்டது. கிண்ணங்கள் சோம்பேறித்தனமாகச் சுற்றின. வெளியே கொடி படபடக்கும்போது திரையில் 4 மீட்டர் காட்டியது. மாற்றுக் கருவி வெளிநாட்டிலிருந்து வர ஒன்பது நாள். அதுவரை கிரேனை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். யார்டில் பேரம் பேசினார்கள். பகல் வேலையும், வானிலை இலாகா எச்சரிக்கை இல்லாத இரவுகளில் இரவு வேலையும் ஓடட்டும், கீழே ஒருவர் கைக்கருவியோடு நின்று காற்றை அளப்பார், நான் ஊரிலேயே தயாராக இருக்க வேண்டும் என்று முடிவானது. நானும் தலையாட்டினேன். இப்போது கேட்டால் ஆட்டியிருக்க மாட்டேன் என்பேன், அன்றைக்கு ஆட்டினேன்.

காத்திருப்பது எவ்வளவு களைப்பான வேலை என்று அந்த ஒன்பது நாளில்தான் தெரிந்தது. பழைய பெரி 2020 முடிவிலேயே நின்றுபோயிருந்தது. ஆள் மட்டும் ஏற்றும் படகில் போய் வந்தேன். பகலில் யார்டில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்தால் மிச்சம் எல்லாம் அறைதான். சுவர்ப் பாசியில் ஒரு பல்லி குடும்பம் நடத்தியது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பாங்கு கேட்டால் விடியப் போகிறது. ஆபத்தான நேரம் பாதி முடிந்தது. இரண்டு ராத்திரி தகரம் கடகடத்தது. இரண்டு தடவையும் யார்டு காவல்காரருக்குப் போன் போட்டு, "அண்ணே, ஆளை இறக்கிப் பின்னைப் போடச் சொல்லுங்க" என்றேன். இரண்டு தடவையும் சில நிமிடத்தில் காற்று அங்கே போய்ச் சேர்ந்தது. காவல்காரர் என்னை மந்திரவாதி மாதிரிப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது, மறைப்பானேன்.

ஆறாவது ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அதிசயமாகத் தூங்கினேன். காலை ஏழு மணிக்கு எழுந்து பார்த்தால் போனில் பதினோரு அழைப்புகள். சார்ஜர் சரியாகச் செருகாமல் போன் அணைந்து கிடந்து, விடிகாலையில்தான் உயிர் பெற்றிருக்கிறது. சன்னலைத் திறந்தேன். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மேலே பார்த்தேன். தகரத்தின் ஓரம் முழுக்கப் புதுத் திருகுகள், வரிசையாக, ஒரு சாண் இடைவெளியில், பளபளவென்று.

"எட்டாம் நம்பர்ல வந்த புள்ளைங்க ரொம்பச் சத்தம்னு இன்டர்நெட்ல எழுதிட்டாங்க தம்பி. முதலாளி தவக்கே நேத்து மத்தியானம் ஆள் வச்சு இறுக்கிட்டாரு" என்றார் நானா. "நீதானே முதல்ல சொன்னே?"

சொன்னேன்தான்.

யார்டில் யாருக்கும் அடி இல்லை. கைக்கருவியோடு நின்றவர் மழைக்கு ஒதுங்கியிருக்கிறார். ஓட்டுநர் தானாகவே உணர்ந்து பிரேக் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். பின்னைப் போட நேரம் இல்லை. பிரேக் பிடித்த நிலையிலேயே கிரேனைக் காற்று தள்ளியிருக்கிறது. நான் போனபோது தண்டவாளத்தில் இரண்டடி நீளத்துக்குத் துரு உரிந்து, தேய்த்த எவர்சில்வர் பாத்திரம் மாதிரி ஒரு கோடு. குனிந்து விரலால் தடவினேன். வழவழப்பாக இருந்தது. இன்னும் இருபது அடி போயிருந்தால் தண்டவாளம் முடிந்து தடுப்பு. அதைத் தாண்டினால் தண்ணீர்.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'எதிர்பாராத திடீர்க் காற்று' என்று எழுதினேன். மேனேஜர் போனில் கேட்டார்: "முந்தி ரெண்டு தடவை முன்கூட்டியே சொன்னீங்களாமே, எப்படி?" வானிலைச் செயலி பார்த்தேன் என்றேன். ஒரு தகரத்தை நம்பி இரவு வேலையை ஓட்டினேன் என்று எந்தப் பாரத்தில் எழுதுவது? மாற்றுக் கருவி வரும்வரை கிரேனை நிறுத்தச் சொல்லி மறுபடி எழுதிக் கொடுத்தேன், இந்தத் தடவை பேரத்துக்கு இடம் கொடுக்காமல். மீதி மூன்று நாளும் யார்டில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கிளேம் திரும்பி வந்தது. ஒன்பது இரவுக்கான ஊராட்சிக் கட்டணம் 18 வெள்ளி, சிவப்பு மை. கடைசி மூன்று நாள் அலவன்சுக்கு எதிரே 'வேலை நடக்கவில்லையே?' என்று ஒரு கேள்விக்குறி. அதற்கு மட்டும் நான் பதிலே எழுதவில்லை. இன்றுவரை நிலுவையில் இருக்கிறது.

2024 ஜூலையில் மறுபடி போனேன். புதுப் பெரியும் ஓட ஆரம்பித்துக் கிட்டத்தட்ட வருடம் ஒன்று ஆகியிருந்தது. வேகம்தான், ஆனால் மேல்தட்டில் நின்று காற்று வாங்கும் சுகம் போய்விட்டது. யார்டில் இப்போது காற்றுக் கருவி இரண்டு. ஒன்று பழுதானால் இன்னொன்று. என் வேலையும் வெறும் கேபிள் மாற்றல், ஒரே ராத்திரி. நானா மெலிந்திருந்தார். கேட்காமலே 7ஆம் எண் சாவியை எடுத்து வைத்தார்.

தூக்கம் வரவில்லை. சத்தமே இல்லை. ஒரு மணி இருக்கும், நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு ஏறினேன். பையில் 8 மில்லி நட் டிரைவர் எப்போதும் கிடக்கும். ஓரத்துத் திருகு இரண்டைக் கழற்றினேன். நாற்காலியிலிருந்து இறங்குவதற்குள் மேலே 'டக்' என்றது. விடியும்வரை அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்.

மறுநாள் சாயங்காலம் ரயில் தைப்பிங்கைத் தாண்டும்போது டிக்கெட்டைத் தேடிச் சட்டைப் பையில் கையை விட்டேன். இரண்டு திருகும் அங்கேயே இருந்தன.