போக மறுத்த நான்காவது அட்டை

இணையவழிக் கடையொன்றில் பணம் செலுத்தும் பக்கத்திற்கு வந்தபோதுதான் என் பெயருக்குக் கீழே நான்கு அட்டைகள் வரிசையாக நிற்பதைக் கவனித்தேன். ஒன்று, நான் கணக்கையே மூடிவிட்ட வங்கியினுடையது. இன்னொன்று அக்காவுடையது, எப்போதோ ஓர் அவசரத்திற்கு அவரிடம் கேட்டுப் பயன்படுத்தியபோது அதையும் சேமித்துவிட்டிருக்கிறேன். மூன்றாவது, காலாவதியாகிவிட்டதென்று நான் நினைத்திருந்த பழைய அட்டை. நான்காவதுதான் அன்றாடப் பயன்பாட்டில் இருப்பது. நான்கையும் நீக்கிவிட்டு, இனி வாங்கும்போது மட்டும் எண்ணை உள்ளிடுவது என்று முடிவு செய்தேன். பத்து நிமிட வேலைக்கு மூன்று நாள்கள் பிடித்தன.

புதிய அட்டையைச் சேர்க்கும் பொத்தான் செயலியின் முதல் திரையிலேயே பளிச்சென்று இருந்தது. நீக்குவதற்கோ, அட்டையைத் தொட்டு, ‘திருத்து’ என்பதற்குள் சென்று, திரையைக் கடைசிவரை தள்ளிய பிறகுதான் சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் அந்தச் சொல் தென்பட்டது. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே காட்டப்படுவதால், கைவசம் இருந்த அட்டைகளை மேசைமேல் பரப்பி ஒப்பிட்டுப் பார்த்தே ஒவ்வொன்றையும் நீக்கினேன்.

மூன்றாவது அட்டையில் கை நின்றது. அதன் கீழே, நான் ஒருபோதும் உள்ளிடாத புதிய காலாவதித் தேதி இருந்தது. வங்கியில் விசாரித்தபோது விளக்கம் கிடைத்தது: விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புகள் நடத்தும் புதுப்பிப்புச் சேவையின் வழியாக, மாற்றி வழங்கப்பட்ட அட்டையின் விவரம் அதைச் சேமித்து வைத்திருக்கும் கடைகளுக்குத் தானாகவே போய்ச் சேர முடியுமாம். சந்தா தடைபடாதிருக்க இது வசதிதான். ஆனால், காலாவதியானால் தானே செத்துவிடும் என்று நம்பி விட்டுவைத்த அட்டை, எனக்குத் தெரியாமலே உயிர்பிழைத்திருந்தது.

நான்காவதை நீக்க முயன்றபோது, ‘இந்த அட்டையை இப்போது நீக்க இயலாது’ என்ற ஒற்றை வரி வந்தது, காரணம் சொல்லப்படவில்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், வேறோர் அட்டையைச் சேர்த்து அதை முதன்மை அட்டையாக்குங்கள் என்றார்கள். இருப்பதைக் குறைக்க வந்தவனுக்கு அது நல்ல யோசனைதான்! பிறகு நானே துருவியதில் இரண்டு முடிச்சுகள் அகப்பட்டன. ஆண்டுச் சந்தா ஒன்று இந்த அட்டையில் தானாகப் புதுப்பிக்கப்படும்படி இருந்தது, அதை நிறுத்தினேன். இன்னும் அனுப்பப்படாத பொருள் ஒன்றும் இருந்தது. அந்தக் கடை பொருளை அனுப்பும்போதே பணம் எடுப்பதால், அதுவரை அட்டையை விடாது. இரண்டு நாள்கள் காத்திருந்து, பொருள் கிளம்பியதும் மீண்டும் முயன்றேன். கடவுச்சொல்லை இன்னொரு முறை கேட்டது, நீங்கியது.

இடையில் ஒரு கவலை: நான் திருப்பியனுப்பிய பொருளுக்கான தொகை இன்னும் வரவில்லை. ஆனால் திரும்பும் பணம் பழைய பரிவர்த்தனையைப் பின்பற்றியே செல்லும். சேமிப்புப் பட்டியலில் அட்டை இருக்கிறதா என்பது பொருட்டல்ல. அதே அட்டைக்கே தொகை வந்து சேர்ந்தது. பழைய ரசீதுகளில் கடைசி நான்கு இலக்கங்கள் இன்றும் இருக்கின்றன. அவை பட்டியலோடு போகிறவை அல்ல.

அடுத்த முறை வாங்கும்போது, எண்ணுக்கான பெட்டியைத் தொட்டதும் முழு எண்ணும் தானாக வந்து நிரம்பியது. கடை ஏமாற்றிவிட்டதென்றே முதலில் நினைத்தேன். நிரப்பியது கடையல்ல, உலாவி. அது தனியே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு கைப்பேசிக்கும் பகிர்ந்திருந்தது. உலாவியின் அமைப்புகளுக்குள் சென்று அதையும் அழித்தேன். திரும்பி வந்து பதினாறு இலக்கங்களையும் கையால் உள்ளிட்டு முடித்தபோது, ‘இந்த அட்டையை அடுத்த முறைக்குச் சேமிக்கவும்’ என்ற வரியின் பக்கத்துப் பெட்டியில் முன்கூட்டியே குறி இடப்பட்டிருந்தது. அதை எடுத்துவிட்டுத்தான் பணம் செலுத்தினேன்.