ஓடினால் மட்டும் காற்று இறங்கிய சக்கரம்

தேனி மாவட்டத்துக் கம்பத்தில் காய்கறியும் பன்னீர் திராட்சையும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக் கட்டப்பனை வரை போய்வருகிற பிக்கப் என்னுடையது. கம்பம்மெட்டு வழியாகப் போனால் கிட்டம்தான். ஆனால் குமுளியில் நாலு கடைக்குச் சரக்கு இறக்கவேண்டியிருப்பதால் கூடலூர், லோயர் கேம்ப் வழியாகத்தான் மலை ஏறுவேன். பின்சக்கரத்துக்கு லோடோடு 70 பவுண்டு காற்று வேண்டும் என்று கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே போட்டிருக்கிறது.

போன தை மாதம் பின்பக்கம் இரண்டுக்கும் புது டியூப்லெஸ் டயர் போட்டேன். இரண்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் இடது பின்சக்கரம் இறங்க ஆரம்பித்தது. கம்பத்தில் 70 வைத்துக் கிளம்பினால் கட்டப்பனையில் 55 நிற்கும். முதலில் ஆணி என்றுதான் நினைத்தேன். பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றி 40 பவுண்டு காற்று அடித்துத் தொட்டியில் முக்கிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. அடுத்த கடையில் டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் கசியும் என்று சொல்லி, டயரைப் பிரித்து ரிம் ஓரத்தைத் தேய்த்துப் பசை தடவி மாட்டிக் கொடுத்தார்கள். அதற்கும் காசு போனதுதான் மிச்சம்.

இதில் ஒன்றை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். ராத்திரி முழுக்க வீட்டு வாசலில் நின்றால் காற்று இறங்காது. ஓடினால்தான் இறங்கும். ஆணி குத்தியிருந்தால் நின்றாலும் இறங்கியிருக்கும் இல்லையா?

கட்டப்பனையில் ஒரு டயர் கடைச் சேட்டனிடம் இதைச் சொன்னேன். அவர் டயரைத் தொடக்கூட இல்லை. முழுசாக 70 பவுண்டு அடித்து, வால்வைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். ஒன்றும் இல்லை. பிறகு கட்டை விரலால் வால்வை மெதுவாக வெளிப்பக்கம் சாய்த்தார். ரப்பர் ரிம்முக்குள் நுழைகிற இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு வாய் திறந்தது. அதிலிருந்து பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. விரலை எடுத்ததும் வெடிப்பு மூடிக்கொண்டது, நுரையும் நின்றுவிட்டது.

"வண்டி ஓடும்போ வீல் கறங்குற வேகத்துல வால்வு வெளிய சாயும், மனசிலாயோ? நிக்கும்போ நேரா நிக்கும், அடைஞ்சிரும். இது காருக்குப் போடுற வால்வாக்கும்" என்றார்.

வால்வின் அடி ரப்பரில் டி.ஆர்.418 என்று பொறித்திருந்தது. அன்று அவர் சொன்னதையும் பிறகு நான் தேடித் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். டியூப்லெஸ் சக்கரத்தில் அழுத்திப் புகுத்துகிற ரப்பர் வால்வில் 413, 414, 418 மூன்றும் ரிம்மில் ஒரே அளவு ஓட்டைக்குத்தான், 11.5 மில்லிமீட்டர். நீளம்தான் வேறு. 413 சுமார் ஒன்றே கால் அங்குலம், 414 ஒன்றரை, 418 இரண்டு. 415, 425 என்றால் ஓட்டையே பெரிசு, கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர். இந்த 400 வரிசை ரப்பர் வால்வு எல்லாமே டயர் ஆறியிருக்கும்போது 65 பவுண்டு வரைக்கும்தான். நான் 70 வைத்து மலை ஏறிக்கொண்டிருந்தேன். போதாததற்கு நீளமான வால்வு வேறு. நீளம் கூடினால் ஓட்டத்தில் சாய்வதும் கூடும், அடி ரப்பர்தான் அத்தனை இழுப்பையும் வாங்கும். டயர் மாற்றிய கடையில் கேட்டபோது, "காத்து அடிக்கக் கைக்கு எட்டுமேன்னு நீளமாப் போட்டோம்ணே" என்றார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் எத்தனை பவுண்டு வைப்பீர்கள் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சரக்கெல்லாம் இறக்கிவிட்டு அந்தச் சக்கரத்துக்குப் பதில் ஸ்டெப்னியை மாட்டி, வெறும் வண்டியாக மெதுவாக இறங்கினேன். இரைச்சல் பாலத்துக்கிட்ட இரண்டு தடவை நிறுத்தி வலது பக்க வால்வையும் தடவிப் பார்த்தேன். அதுவும் அதே 418தானே.

சரியான வால்வைத் தேடித்தான் அதிகம் அலைந்தேன். இரண்டு வழி உண்டு. ஒன்று, அதிக அழுத்தத்துக்கென்றே வருகிற ரப்பர் வால்வு. அதில் அடியில் மட்டும் ரப்பர், மேலே பித்தளைக் குழல். இன்னொன்று, நட்டு போட்டு இறுக்குகிற முழு உலோக வால்வு. அது சாயவே சாயாது என்பதால் உலோக வால்வையே முடிவு செய்தேன். தேனியில் ஒரு கடையில் வேறு அளவு ஓட்டைக்கான வால்வைக் கொடுத்து, "நடுவுல ஒரு புஷ் வளையம் போட்டா உக்காந்துக்கும்ணே" என்றார்கள். வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். 70 பவுண்டு காற்றைத் தாங்குகிற இடத்தில் ஒட்டு வேலை கூடாது. வீட்டுக்கு வந்து, பக்கத்து லேத்துப் பட்டறையில் வெர்னியர் வாங்கி ரிம் ஓட்டையை அளந்தேன். துருவைத் தேய்த்து எடுத்த பிறகு சரியாக 11.5. அந்த அளவைச் சொல்லி வாங்கியதுதான் பொருந்தியது.

மாட்டும்போது கூடவே நின்றேன். ஓட்டையின் இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கச் சொன்னேன். சொரசொரப்பு இருந்தால் வாஷரை அறுத்துவிடும். பையன் கிரீஸ் தடவப் போனான், தடுத்துவிட்டேன். கிரீஸும் எண்ணெயும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும், சோப்புத் தண்ணீர் போதும். நட்டையும் முரட்டுத்தனமாக முறுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் நசுங்கிப் பிதுங்கினால் அதுவே கசிவுக்கு வழி. இரண்டு நடை ஓடிய பிறகு மறுபடி சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக் கால் திருகு இறுக்கினோம். மூடியும் முக்கியம். உள்ளே ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் மூடியே போட்டேன். பளபளப்பாக இருக்கிறதே என்று அலுமினிய மூடி போட்டால், மலை ஈரத்தில் பித்தளை மரையோடு பூத்து இறுகி, கழற்றும்போது வால்வையே திருகிக்கொண்டு வரும்.

இப்போது கிளம்பும்போது 70, கட்டப்பனையில் ஓடிய சூட்டில் 74, 75 காட்டுகிறது. அப்படித்தான் காட்ட வேண்டும். ஓடி வந்த டயரில் அழுத்தம் ஏறாமல் இருந்தால் அல்லது குறைந்திருந்தால் எங்கேயோ போகிறது என்று அர்த்தம்.

எங்கள் தெருவில் இருந்து விடிவதற்கு முன்னாலேயே ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்கள் ஜீப்பில் மலை ஏறுவார்கள். ஜீப் ஓட்டுகிற மச்சான் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "என்னுது டியூப் டயர் மாப்ள, வால்வு டியூப்போடவே வருது, எனக்கு இந்தத் தொல்லை இல்ல" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தோம். மூன்று சக்கரத்தில் வால்வு நேராக நின்றது. இடது பின்சக்கரத்தில் மட்டும் ஓட்டையின் ஓரத்தில் ஒட்டிச் சாய்ந்திருந்தது. காற்று குறைவாக ஓடி, டயர் ரிம்மில் வழுக்கி, டியூப்பையும் கூடவே இழுத்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் வால்வு வேரோடு பிய்ந்து ஒரே நொடியில் காற்று முழுவதும் போய்விடும்.

மச்சான் கொஞ்ச நேரம் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜாக்கி எடுக்க வீட்டுக்குள் போனார்.