ஜலேக்கா முகாமில் இரண்டு வாரம்: ஒரு தையல் மிஷின் நாட்குறிப்பு

2024 ஜூன் 22, சனி. லிலோங்வே

அடிஸ் அபாபாவில் விமானம் மாறி, மதியம் மலாவி வந்து சேர்ந்தேன். ஜலேக்கா அகதி முகாமில் தையல் மிஷின்களைப் பழுதுபார்த்து, பயிற்சி தரத்தான் வந்திருக்கிறேன். பெட்டியில் என் துணிமணி கொஞ்சம்தான். மீதி எல்லாம் மிஷின் சாமான்: பாபின் கேஸ் (அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு) 40, பாபின் 200, 14 நம்பர் ஊசி 500, ஒரு சுருள் தோல் பெல்ட், அப்பாவின் ஸ்க்ரூ டிரைவர்கள் மூன்று. மிஷின் எண்ணெயை இங்கேதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாடு துக்கத்தில் இருக்கிறது. துணை அதிபர் சாவ்லோஸ் சிலிமா இந்த மாதம் 10-ஆம் தேதி விமான விபத்தில் இறந்துபோனார். போன திங்கட்கிழமைதான் அடக்கம் நடந்திருக்கிறது. என்னை அழைக்க வந்த ஓட்டுநர் வழியெல்லாம் தணிந்த குரலில்தான் பேசினார்.

அவருக்குச் சொந்த ஊர் டெட்ஸா. மொசாம்பிக் எல்லையை ஒட்டிய ஊர். அங்கே சாலையின் ஒரு பக்கம் மலாவி, மறுபக்கம் மொசாம்பிக் என்று கையை விரித்துக் காட்டினார். எண்பதுகளில் மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அவர் சின்னப் பையன். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்போது மலாவிக்குள் வந்தார்கள். இந்த நாட்டில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒருவர் அகதி என்ற கணக்கு. தன் அப்பா வயலில் ஒரு ஓரத்தை ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிக் கொடுத்ததையும், 1992-இல் சமாதானம் வந்த பிறகு அவர்கள் நடந்தே திரும்பிப் போனதையும் சொன்னார். "எங்கள் வீட்டில் அவர்கள் விட்டுப்போன பானை ஒன்று இன்னும் இருக்கிறது" என்றார்.

ஜூன் 23, ஞாயிறு. டோவா

முகாமில் தங்க அனுமதி இல்லை. பக்கத்தில் டோவாவில் அறை. நல்ல குளிர். ஆப்பிரிக்கா என்றதும் மெல்லிய புடவையும் சுடிதாரும் எடுத்து வந்த எனக்கு, ஜூன், ஜூலைதான் இங்கே குளிர்காலம் என்பது காலையில் எலும்பில் தெரிந்தது. கடையில் ஒரு சிட்டெஞ்சே வாங்கிப் போர்த்திக்கொண்டேன். இங்கே பெண்கள் இடுப்பில் கட்டுவதும், பிள்ளையை முதுகில் கட்டுவதும், சுமையை மூட்டை கட்டுவதும் இந்த ஒரே துணியில்தான்.

மிஷின் எண்ணெய், மண்ணெண்ணெய் வாங்கினேன். போன நவம்பரில் மலாவி நாணயமான க்வாச்சாவின் மதிப்பை ஒரே நாளில் 44 சதவீதம் குறைத்தார்கள். கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு அவரே பெருமூச்சு விடுகிறார்.

ஜூன் 24, திங்கள்

முதல் நாள் முகாம். லிலோங்வேயிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் ஜலேக்கா. செம்மண் சாலை, மண்கல் வீடுகள், சிலதில் கூரை, சிலதில் தகரம், சிலதில் பிளாஸ்டிக் விரிப்பு. சந்தை, சலூன், மாண்டாசி என்ற மாவுப் பண்டம் பொரிக்கும் அடுப்பு, கைபேசி சார்ஜ் போட்டுத் தரும் கடை. முகாம் என்று தெரியாமல் வந்தால் நெருக்கடியான ஒரு ஊர் என்றுதான் தோன்றும்.

மலாவியின் முதல் அதிபர் ஹேஸ்டிங்ஸ் பண்டா ஆண்ட முப்பது வருடத்தில் இது அரசியல் கைதிகளின் சிறை. 'இனிமேல் செய்ய மாட்டேன்' என்று சிறைவாசியைச் சொல்ல வைப்பதிலிருந்து வந்த பெயர்தான் ஜலேக்கா என்கிறார்கள். 1994-இல் ஆட்சி மாறியது. அதே வருடம் இது அகதி முகாம் ஆனது. சுமார் 10,000 பேருக்கென்று திட்டமிட்ட இடத்தில் இன்று 50,000 பேருக்கும் மேல் இருக்கிறார்கள். காங்கோக்காரர்கள் பெரும்பான்மை, புருண்டி, ருவாண்டாவிலிருந்து வந்தவர்கள் அடுத்தபடி. சோமாலியா, எத்தியோப்பியாக்காரர்களும் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக ஓடும் மொழி சுவாஹிலி.

இங்கே யார் பெயரையும் எழுதப்போவதில்லை. சிலரைத் தேடிக்கொண்டிருக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊரை வைத்துச் சொல்கிறேன்.

தகரக் கொட்டகையில் பதினொரு மிஷின். எல்லாம் கால்மிதி. ஓடுவது நான்கு. காங்கோவின் புக்காவுவிலிருந்து வந்த பெரியவர் எல்லோருக்கும் மூத்தவர். அங்கே கோட் தைத்தவர். அவரை எல்லோரும் பாபா என்கிறார்கள், அப்பா. என்னை மாமா என்றார்கள். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. ஐம்பது வயதில் முதல்முறையாக யாரோ என்னை மாமா என்று கூப்பிட்டது நாள் முழுக்கக் காதில் இனித்துக்கொண்டே இருந்தது.

ஜூன் 25, செவ்வாய்

பழுது என்னவென்று பார்த்தேன். ஏழில் ஐந்துக்கு ஒரே வியாதி: சமையல் எண்ணெய். மிஷின் எண்ணெய் வாங்கக் காசில்லாமல் சமையல் எண்ணெயை விட்டிருக்கிறார்கள். அது சில மாதத்தில் பிசினாகிவிடும். அதில் இந்த ஊர் செம்மண் தூசியும் நூல் பஞ்சும் சேர்ந்து, ஊசி நூலைக் கொக்கி பிடிக்கும் ஷட்டில் ஓடும் பாதையில் செங்கல் நிறத்தில் ஒரு பொருக்கு. நகத்தால் சுரண்டினால் வராது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பொத்தி வைத்து, அரை மணி கழித்துக் குச்சியால் நெம்பினால் ஏடு ஏடாகப் பெயர்கிறது. ஒரு மிஷினில் அந்த ஏட்டுக்குள் மூன்று நிற நூல் துணுக்கு இருந்தது: பச்சை, கறுப்பு, பள்ளிச் சீருடையின் நீலம்.

பெல்ட் அறுந்த இடத்தில் சைக்கிள் டியூபை நறுக்கி மாட்டியிருக்கிறார்கள். நன்றாகத்தான் இழுக்கிறது. நான் கொண்டுவந்த தோல் பெல்ட்டைப் பார்த்துப் பாபா மரியாதையாகத் தலையாட்டினார்; ஆனால் தன் மிஷினில் டியூபைக் கழற்றவில்லை.

நம்மூர் மிஷினுக்குப் போடும் பாபின் கேஸ் இங்கே உள்ள சீன மிஷின்களுக்கு அப்படியே பொருந்தியது. அந்த 'டக்' சத்தம் கேட்டதும் கொட்டகையே கைதட்டியது.

ஜூன் 26, புதன்

ஒன்பது மிஷின் ஓடுகிறது.

புருண்டியின் புஜும்புராவிலிருந்து வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கை அத்தனை சுத்தம். காலர் திருப்புவதைப் பார்த்து நின்றுவிட்டேன். 2022-இல் லிலோங்வேயில் சந்தைக்குப் பக்கத்தில் சின்னக் கடை வைத்திருந்தாராம். இரண்டு மிஷின், ஒரு உதவிப் பெண். 2023 மார்ச் மாதம் நகரங்களில் இருக்கும் அகதிகள் எல்லோரும் முகாமுக்குத் திரும்ப வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. மே மாதம் போலீஸ் பிடித்து ஏற்றத் தொடங்கியது. கடையில் துணி வெட்டிப் போட்டது போட்டபடி இருக்க, இவர் ஒரு மிஷினோடு வந்துவிட்டார். இன்னொன்று போனது போனதுதான். அளவு எழுதி வைத்த நோட்டு மட்டும் கையில் இருக்கிறது. அதில் இருப்பவர்கள் எல்லாம் லிலோங்வேக்காரர்கள்.

சட்டம் இப்படி இருக்கிறது. அகதிகளுக்கான 1951 உடன்படிக்கையில் மலாவி 1987-இல் சேர்ந்தது. சேரும்போதே கூலி வேலை, நடமாட்டம் போன்றவற்றில் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று விலக்கு எழுதிவைத்தது. அதனால் அகதி என்றால் முகாமில்தான் இருக்க வேண்டும், வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். மலாவியை ஒரேயடியாகக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. உலகத்தின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. இந்த வருடம் எல் நினோ வறட்சியில் மக்காச்சோளம் கருகி, மார்ச்சில் 28 மாவட்டங்களில் 23-ஐப் பேரிடர் பகுதி என்று அறிவித்திருக்கிறார்கள். முகாம் ஆஸ்பத்திரியில் சுற்றுக் கிராமத்துக்காரர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். பயிற்சி தருகிறோம், தொழில் கற்றுத் தருகிறோம் என்றுதான் நாமெல்லாம் வருகிறோம். நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்து வந்தேன். இந்தக் கொட்டகையில் தையல் தெரியாதவர் ஒருவரும் இல்லை. அவர்களுக்கு இல்லாதது, தைத்ததை எடுத்துக்கொண்டு சாலையில் ஏறி நகரத்துக்குப் போகும் உரிமை.

இரவு அப்பா நினைவு. திருச்சியில் எங்கள் மிஷின் கடைக்குக் கொட்டப்பட்டு முகாமிலிருந்து இலங்கை அக்காமார் வருவார்கள். 1991-க்குப் பிறகு கெடுபிடி அதிகம். கணக்கெடுக்கும் நேரத்துக்குள் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும். அப்பா மிஷினைப் பிரித்துப் போட்டிருப்பார். அந்த அக்கா உட்காராமல், எங்கள் கடைச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அப்பா யார் வேலையை ஓரம் கட்டினாலும் முகாம் மிஷினை முதலில் முடிப்பார். ஏன் என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

காலையில் மட்டும் ஒன்பது ஊசி ஒடிந்தது. காங்கோவின் கோமா நகரத்திலிருந்து வந்த இளைஞர் சந்தையில் வாங்கிய பழைய ஜீன்ஸைப் பிரித்துப் பள்ளிப் பை தைக்கிறார். வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிக்கு இங்கே கவுஞ்சிகா என்று பெயர். பாதி முகாம் அதைத்தான் உடுத்துகிறது. ஷட்டிலும் ஊசியும் நேரம் தவறிச் சந்திக்கின்றன என்று எண்ணி மிஷினையே பிரித்தேன். அரை நாள் போனது. மறுபடி மாட்டி ஓட்டினால் பத்தாவது ஊசியும் ஒடிந்தது.

புஜும்புராப் பெண் ஒடிந்த துண்டை எடுத்துத் தன் டப்பாவிலிருந்த ஊசியோடு பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவருடையது 18, தடித்தது. நான் கொண்டுவந்த ஐந்நூறும் 14. நான்கு மடிப்பு ஜீன்ஸுக்கு அது தாங்காது. திங்கட்கிழமையே இதைச் சொன்னார்களாம். மொழிபெயர்த்துச் சொல்பவர் அப்போது தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்; நான் சிரித்துத் தலையாட்டிவிட்டேன். இனி யார் எது சொன்னாலும் இரண்டு முறை கேட்டுக்கொள்வது என்று வைத்திருக்கிறேன்.

ஜூன் 28, வெள்ளி

தண்ணீர்க் குழாயடியில் மஞ்சள் கேன்கள் விடியுமுன்பே வரிசையில் நிற்கின்றன. மனிதர்கள் இல்லை, கேன்கள் மட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளம்: பெயின்ட் புள்ளி, கட்டிய துணி, கல். யாரும் வரிசையைக் கலைப்பதில்லை.

இங்கே உலக உணவுத் திட்டத்தின் உதவியை நம்பித்தான் பெரும்பாலான அடுப்புகள் எரிகின்றன. நிதி வருவது குறைந்ததால் அதையும் குறைத்துவிட்டார்கள். பெரியவர்கள் மதியம் சாப்பிடாமல் வேலை செய்வதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நானும் கொட்டகையில் டிபன் பெட்டியைத் திறக்கவில்லை.

துணி வெட்டுபவர் ருவாண்டாவின் கிகாலிக்காரர், இடதுகைப் பழக்கம். வலதுகைக் கத்தரியை இடது கையில் பிடித்து வெட்டி வெட்டி, கட்டைவிரல் அடியில் காசு அளவு காய்ப்பு. வெட்டும் கோட்டை அந்தக் கத்தரியின் அலகு மறைக்கும். அதனால் தலையைத் திருப்பி, கிட்டத்தட்ட மேசையில் கன்னம் பதிய வைத்துத்தான் வெட்டுகிறார். ஆனாலும் கோடு பிசகவில்லை.

ஜூலை 1, திங்கள்

நேற்று ஜூன் 30, காங்கோவின் சுதந்திர நாள், 1960. இன்று ருவாண்டாவுக்கும் புருண்டிக்கும், 1962. வரும் சனிக்கிழமை மலாவிக்கு, 1964, அறுபது வருடம். ஒரே வாரத்தில் நான்கு நாட்டுச் சுதந்திரம், ஒரே கொட்டகையில்.

நேற்றுச் சந்தையில் யாரோ ரும்பா பாட்டு வைத்திருந்தார்கள். இன்று பாபாவிடம் கேட்டேன். அந்த நாளில் அவருக்கு ஐந்து வயது. அவருடைய அப்பாவும் தையல்காரர்தான். அந்த வாரம் முழுக்க இரவு பகலாகக் கொடி தைத்தாராம். மஞ்சள் நட்சத்திரத்தை நீலத் துணியில் ஒட்டவைத்துத் தைப்பதுதான் கஷ்டம், முனை சுருங்கும் என்று விரலால் மேசையில் வரைந்து காட்டினார். அப்புறம் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அவருடைய மிஷினின் அடிப்பலகையில் மூன்று பேருடைய பெயர் எழுத்துகள் கீறியிருக்கின்றன. மூன்று குடும்பமும் மறுகுடியேற்றத்தில் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டன. போகிறவர்கள் மிஷினை விற்றுவிட்டுப் போவார்கள். இவர் பதினைந்து வருடமாக இருக்கிறார். நேர்காணல் இரண்டு முடிந்திருக்கிறது. தன் எழுத்தை இன்னும் கீறவில்லை. "போகும்போதுதான் கீறுவது" என்றார்.

ஜூலை 3, புதன்

பதினொன்றும் ஓடுகிறது. எல்லாம் சேர்ந்து மிதிக்கும்போது தகரத்தில் மழை விழுவதுபோல இருக்கிறது. எனக்குச் சளி.

ஜூலை 5, வெள்ளி

கடைசி நாள். காலையில் ஒரு மிஷின் அடியில் நூல் கொத்தாகச் சிக்கியது. நான் எழுந்திருப்பதற்குள் புஜும்புராப் பெண் தட்டைக் கழற்றி, ஷட்டிலை வெளியே எடுத்து, கூர்முனையை நகத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு. மெல்லிய உப்புத்தாளால் நான்கு தேய்ப்பு. திரும்ப மாட்டி ஓட்டினார். தையல் நேர்க்கோடு. நான் வெறும் பாபின் கேஸைத்தான் மாற்றியிருப்பேன்.

அப்பாவின் ஸ்க்ரூ டிரைவர்களில் சின்னதை அவரிடம் கொடுத்தேன். கைப்பிடி மரத்தில் அப்பாவின் பிடி பதிந்த பள்ளம் இருக்கும். அவர் அதைப் பிடித்துப் பார்த்து, பெருவிரல் சரியாக அமர்கிறது என்று சைகையில் சொன்னார்.

அடுத்த முறைக்கு என்ன அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். இந்தத் தடவை நோட்டும் பேனாவுமாக, மொழிபெயர்ப்பவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்ய ஒரு மணி நேரம் ஆனது. எழுதியது இது:

18 நம்பர் ஊசி 300. 14 வேண்டாம், நிறைய இருக்கிறது. தோல் பெல்ட் வேண்டாம், டியூப் போதும். துணியைத் தள்ளும் பல் மூன்று. மெல்லிய உப்புத்தாள். மிஷின் எண்ணெய்க்குப் பணம். இடதுகைக் கத்தரி ஒன்று, பத்து அங்குலம்.