செஸ்ஸில் பெரிய ரேட்டிங்காரரிடம் தோற்ற ஆட்டத்தைப் பிரித்துப் பார்ப்பது

கிருஷ்ணகிரியில் போட்டி முடிந்து தர்மபுரி பஸ் ஏறியதும் ஸ்டாக்ஃபிஷை (ஆட்டத்தை அலசிக் காட்டும் செஸ் இன்ஜின்) திறக்காதீர்கள். முதலில் நகர்த்தல்களைக் குறித்த ஸ்கோர்ஷீட் ஓரத்தில், எந்த நகர்த்தலில் எதற்குப் பயந்தீர்கள், கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம் என்று எழுதுங்கள். இன்ஜினைப் பார்த்துவிட்டால் அந்த நினைப்பு தங்காது. ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை, ரொம்ப நோண்ட வேண்டாம்.

ரேட்டிங்கில் 200 புள்ளி கூடியவரிடம், வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை என்ற கணக்கில், ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எதிர்பார்க்கக்கூடியது 0.24 தான். அதனால் டிரா கிடைக்கும் எண்ட்கேமை (சில காய்களே மிஞ்சிய கடைசிக் கட்டம்) விடவே கூடாது. உதாரணமாக, நீங்கள் கறுப்பு: வெள்ளை ராஜா டி5, சிப்பாய் இ5, யானை (ரூக்) எச்7. கறுப்பு ராஜா இ8, யானை ஏ6. கறுப்பு யானை 6-ஆம் வரிசையிலேயே நிற்கட்டும்; வெள்ளை ராஜா மேலே ஏற முடியாது. சிப்பாய் இ6 வந்தவுடன் யானை ஏ1-க்கு இறங்கிப் பின்னாலிருந்து செக் கொடுக்க வேண்டும், ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. பயந்து யானையை 8-ஆம் வரிசையில் ஒட்டவைத்தால், நடுச் சிப்பாய் என்பதால் தோல்விதான்.

இந்த நிலையைப் பலகையில் வைத்து, இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடிப் பாருங்கள்.