ஐந்து மீட்டர் தூண்டில் நரம்பு

போன செவ்வாய்க்கிழமை என் டோம்பிராவின், அதாவது கசாக்கிஸ்தான் நாட்டு இரண்டு நரம்பு வாத்தியத்தின், நரம்புகளில் ஒன்று அறுந்துபோனது. வீணைத் தந்தி விற்கும் கடையில் கேட்டுப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். நேராகத் தூண்டில் சாமான் கடைக்குப் போனேன். முள், தக்கை, ஈயக்குண்டு எல்லாம் சரம்சரமாகத் தொங்கும் சின்னக் கடை.

"0.8 மில்லிமீட்டர் நரம்பு, ஐந்து மீட்டர் வேண்டும்."

"எந்த மீனுக்கு, சார்?"

"மீனுக்கு இல்லை. வாத்தியத்துக்கு."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சுருளாகத்தான் தருவேன், வெட்டித் தரமாட்டேன் என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, கத்திரிக்கோலை எடுத்தார்.

அவர் அப்படிப் பார்த்ததில் தவறில்லை. ஆனால் கசாக்கிஸ்தானில் இது சாதாரணச் சங்கதி. டோம்பிராவுக்கு அங்கே பெரும்பாலும் தூண்டில் நரம்பைத்தான் கட்டுகிறார்கள். முன்பு ஆட்டுக் குடலைத் திரித்துக் கட்டினார்கள். கசாக் மொழியில் குடலுக்கும் வாத்தியத்தின் தந்திக்கும் 'இஷெக்' என்று ஒரே சொல். நைலான் வந்ததும் குடலை விட்டார்கள், சொல்லை விடவில்லை. நாமும் அப்படித்தானே? உடம்பில் ஓடுவதும் நரம்பு, யாழில் கட்டியதும் நரம்பு, காவிரியில் கெண்டைக்குக் காத்திருப்பவர் கையில் இருப்பதும் நரம்பு.

திருச்சிக்காரன் வெல்டிங் வேலைக்காகக் கடல் கடப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. நான் ஆறு ஆண்டுகள் மேற்குக் கசாக்கிஸ்தானின் எண்ணெய் வயல் ஒன்றில் இருந்தேன். குழாய்களின் பற்றவைப்பை எக்ஸ்ரே எடுத்து, அந்த பிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் குறை தேடுவது என் வேலை. 28 நாள் வேலை, 28 நாள் விடுப்பு. போகும்போதும் வரும்போதும் அத்திராவ் நகரத்தில் ஓரிரு நாள் தங்குவேன். ஊரை நடுவில் பிளந்துகொண்டு ஓடும் உரால் நதியை அந்த மக்கள் ஜாயிக் என்கிறார்கள். பாலத்தின் ஒரு முனையில் ஐரோப்பா என்றும் மறுமுனையில் ஆசியா என்றும் எழுதியிருக்கும். 'அத்திராவ்' என்றால் கழிமுகம் என்று பொருள். காவிரிக் கழிமுகத்துப் பக்கத்திலிருந்து போய்க் காஸ்பியன் கழிமுகத்தில் இறங்கியிருக்கிறேன் என்பதே எனக்கு இரண்டாம் வருஷம்தான் தெரிந்தது.

முகாமில் எனக்கு அடுத்த அறையில் ஒரு கிரேன் ஓட்டுநர். ஐம்பது வயதைத் தாண்டியவர், மங்கிஸ்தாவ் பகுதிக்காரர். அங்கே மூத்தவர்களை 'அகா' என்பார்கள், நம் அண்ணன் மாதிரி. நானும் அகா என்றே கூப்பிட்டேன். அவருடைய கட்டிலுக்கு மேல், கோட்டு மாட்டும் ஆணியில் ஒரு டோம்பிரா தொங்கும். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், பாதிப் பேரிக்காய் போலக் குடம், ஒல்லியான நீளத் தண்டி, இரண்டே நரம்பு. இரண்டு நரம்பில் என்ன பெரிதாக வாசித்துவிட முடியும் என்று நினைத்தேன். ஏழு தந்தி வீணை பார்த்த கர்வம்.

ஜனவரி மாதம், வெளியே மைனஸ் 25. இரவு ஷிப்ட் முடிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் யாரோ தகரக் கூரைமேல் குதிரையை ஓட்டுவது போல ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் அகா. வலக்கை மணிக்கட்டு சுழல்வது தெரிகிறது, விரல்கள் தெரியவில்லை. இரண்டு நரம்பையும் சேர்த்து மேலும் கீழுமாக வாரி அடிக்கிறார். ஒரு நரம்பு அடியில் ரீங்காரமிட, மற்றது அதன்மேல் பாடுகிறது. இரண்டு நிமிடம்கூட இருக்காது. சட்டென்று கையால் நரம்பை அமுக்கி நிறுத்திவிட்டு, "இது அதாய். என் இனத்தின் பெயர்" என்றார். குர்மான்காசி என்ற மேதை அந்த அதாய் மக்களின் பெயரிலேயே கட்டிய குய் அது.

குய் என்பதைப் 'பாட்டு' என்று சொல்லக் கூடாது. அதில் சொல்லே இருக்காது. வாத்தியம் மட்டும் பேசும் சிறிய படைப்பு, அதைக் கட்டுபவரும் வாசிப்பவரும் குய்ஷி. ஆனால் பல குய்களுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பழக்கம் தெரிந்த குய்ஷி முதலில் அந்தக் கதையைச் சொல்வார், பிறகு வாசிப்பார். அன்று எனக்குக் கதை சொல்லாமல் வாசித்துவிட்டதற்காக அகா மறுநாள் வருத்தப்பட்டார். வருத்தத்தைத் தீர்க்கத் தேநீருக்கு அழைத்தார். அவர்கள் பால் விட்டுத்தான் குடிப்பார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்கள். தீரத்தீர ஊற்றிக்கொடுப்பதுதான் மரியாதை, நிறைய ஊற்றினால் எழுந்து போ என்று பொருள். நம் வீட்டில் பாதித் தம்ளர் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே குடித்தேன்.

அன்று கேட்ட கதை அக்சாக் குலான், நொண்டிக் காட்டுக்கழுதை. செங்கிஸ் கானின் மகன் ஜோச்சி வேட்டைக்குப் போகிறான். காலில் அடிபட்ட குலான் ஒன்று அவனைக் கொன்றுவிடுகிறது. மகன் திரும்பாததில் கானுக்குச் சந்தேகம். "என் மகன் செத்தான் என்று எவன் வாயால் சொல்கிறானோ அவன் தொண்டையில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவேன்" என்கிறான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கெத்புகா என்ற குய்ஷி மட்டும் டோம்பிராவோடு வந்து உட்காருகிறான். குலான் கூட்டம் ஓடுவதையும், துரத்தலையும், விழுதலையும், தாயின் ஒப்பாரியையும் நரம்பிலேயே வாசிக்கிறான். கான் புரிந்துகொள்கிறான். "என் மகன் இறந்ததைச் சொல்லிவிட்டாய்." "நான் சொல்லவில்லை, டோம்பிரா சொன்னது." சொன்ன சொல் சொன்னதுதானே! ஈயத்தை டோம்பிராவின் வயிற்றில் ஊற்றினார்கள். பலகையில் இருக்கும் ஓட்டை அப்படி வந்ததாம்.

இது சரித்திரமா என்று கேட்கும் ஆசாமி ஒருவர் எப்போதும் இருப்பார். ஜோச்சி இறந்தது 1227-இல் என்பது சரித்திரம். அவனுடைய கல்லறை மண்டபம் நாட்டின் நடுப்பகுதியில் உலித்தாவ் பக்கம் இருக்கிறது. ஓட்டைக்குக் காரணம் ஒலி வெளியே வர வேண்டும் என்பதுதான், எனக்கும் தெரியும். ஆனால் அகா கதையை முடித்து, அந்தக் குய்யை வாசித்தபோது, நடுவில் தாளம் ஒரு கால் இழுத்துக்கொண்டு ஓடியது. நொண்டுவது கேட்டது. கதை தெரியாமல் கேட்டிருந்தால் கை தடுமாறுகிறது என்று நினைத்திருப்பேன்.

வாத்தியத்தின் உறுப்புகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் எனக்கு மிகப் பிடிக்கும். உச்சிக்குத் தலை என்று பெயர், தண்டிக்குக் கழுத்து, பிருடைக்குக் காது. சுருதி சேர்க்கும்போது அகா, "காதைத் திருகு, அழமாட்டான்" என்பார். எங்கள் கணக்கு வாத்தியார் ஞாபகம் வரும். நரம்பைத் தாங்கும் சின்னக் கட்டையை அவர்கள் 'தியெக்' என்கிறார்கள், நாம் வீணையில் குதிரை என்கிறோம். குதிரையிலேயே வாழ்ந்தவர்கள் அதைக் குதிரை என்று அழைக்கவில்லை, நாம் அழைக்கிறோம் என்றதும் அகா விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் கேண்டீனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

கழுத்து குடத்தோடு சேரும் இடத்துக்கு 'சாகா' என்று பெயர். நதியின் முகத்துவாரத்துக்கும் அதே சொல். மேற்குப் பகுதிக் குய் தலைப்பக்கத்தில் தாழ்ந்த சுரங்களில் தொடங்கி, நடுவுக்கு வந்து, மறுபடி தலைக்கு ஓடி, பிறகு துணிந்து சாகாவுக்குப் பாயும். அதுதான் உச்சம். அங்கே நெடுநேரம் நிற்காது, வந்த வழியே திரும்பிவிடும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்ட பிறகு எனக்குக் குய் கேட்பது எளிதானது. கையைப் பார்த்தாலே கதை எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும்.

இப்படி இரு நரம்பையும் வாரி அடிக்கும் மேற்குப் பாணிக்கு 'தோக்பே', அதாவது தண்ணீரைப் போலக் கொட்டுவது. கிழக்கிலும் நடுப்பகுதியிலும் 'ஷெர்த்பே', விரலால் சுண்டுவது. அது அமைதியானது, யோசித்து யோசித்துப் பேசுவது. 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாத்திம்பெத்தின் குய்களைக் கேட்டால் வித்தியாசம் உடனே பிடிபடும். அகாவுக்கு ஷெர்த்பே என்றால் தூக்கம் வந்துவிடும். எனக்கு நேர்மாறு. இரவு ஷிப்டுக்குப் பிறகு எனக்கு அதுதான் வேண்டும். இதைப் பற்றி எங்களுக்குள் தீராத சண்டை.

குர்மான்காசியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆடு மேய்த்த ஏழைப் பிள்ளை. கான்களோடும் அதிகாரிகளோடும் பகைத்துக்கொண்டு பலமுறை சிறைக்குப் போனவர். தப்பியதும் உண்டு, அதற்கும் ஒரு குய் இருக்கிறது. 'கைரான் ஷெஷெம்' என்று ஒரு குய், 'என் அருமைத் தாயே' என்று பொருள் கொள்ளலாம். விலங்கு மாட்டி இழுத்துப்போகும்போது மகனின் கண் கலங்கியதாம். அம்மா கன்னத்தில் ஒன்று விட்டாளாம், ஆண்பிள்ளையைப் பெற்றேன் என்றல்லவா இருந்தேன் என்று. கட்டிப்பிடித்து அழும் அம்மாக்களையே பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் உறைக்கும்.

சாவிச்சேவ் என்ற ரஷ்ய எழுத்தாளர் இவரைச் சந்தித்து 1868-இல் எழுதியிருக்கிறார்: ஐரோப்பியக் கல்வி கிடைத்திருந்தால் இசை உலகில் முதல்தர நட்சத்திரம் ஆகியிருப்பார் என்று. பாராட்டுத்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐரோப்பியக் கல்வி கிடைத்திருந்தால் 'அதாய்' கிடைத்திருக்குமா என்று அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. விடுதலைக்குப் பிறகு 1993-இல் கசாக்கிஸ்தான் தன் சொந்த நாணயத்தை வெளியிட்டபோது 5 தெங்கே நோட்டில் போட்டது இவருடைய முகத்தை. சிறை சென்ற வாத்தியக்காரனை நோட்டில் போட்ட நாடு! புழக்கத்தில் இல்லாத அந்த நோட்டு ஒன்றை அகா எனக்குக் கொடுத்தார், பர்ஸில் இருக்கிறது. குர்மான்காசியின் கல்லறையோ எல்லைக்கு அந்தப் பக்கம், ரஷ்யாவின் அஸ்திரகான் மாகாணத்து அல்தின்ஜார் கிராமத்தில்.

அவருடைய மாணவி தினா நுர்பெய்சோவா. 1861-இல் பிறந்தவர். ஒன்பது வயதுச் சிறுமியாக இருக்கும்போது குர்மான்காசி அவர் வாசிப்பைக் கேட்டு, கூட வைத்துக் கற்றுக்கொடுத்தார். 1916-இல் ஜார் அரசு கசாக் ஆண்களைப் போர்முனைக்குப் பின்னால் வேலை செய்யப் பிடித்துப்போனபோது 'நபோர்' என்ற குய்யைக் கட்டினார். 1937-இல், 76 வயதில், அல்மாத்தி மேடைக்கு வந்தார். 1955 வரை வாழ்ந்தார். அவர் வாசித்த ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. அதில் இரைச்சல் அதிகம்தான். ஆனாலும் குர்மான்காசியின் கையை நேரில் பார்த்துக் கற்ற ஒரு கையை நாம் கேட்கிறோம். நம் பழைய வித்வான்களில் எத்தனை பேருக்கு இந்தக் கொடுப்பினை இருந்தது?

1934-இல் அஹ்மெத் ஜுபானோவ் டோம்பிராக்களைச் சேர்த்து இசைக்குழு ஒன்றை உருவாக்கினார். இன்று அதற்குக் குர்மான்காசியின் பெயர். பெரிய டோம்பிரா, சின்ன டோம்பிரா, தாழ் சுருதி டோம்பிரா என்று பட்டறைகள் புதிதாகச் செய்தன. ஐம்பது பேர் சேர்ந்து குர்மான்காசியின் 'சாரி அர்கா' குய்யை வாசித்தால் அரங்கமே கிடுகிடுக்கும், உண்மை. அதற்கு ஒரு விலையும் உண்டு. பழைய டோம்பிராவில், சுர இடங்களைக் காட்டக் கழுத்தின் குறுக்கே இருக்கும் மெட்டுகளும் குடல் நரம்பில் கட்டியவை. நகர்த்தலாம், இரண்டு சுரங்களுக்கு நடுவில் ஒன்றைப் பிடிக்கலாம். ஐம்பது பேர் ஒன்றாக வாசிக்க மெட்டுகள் ஒரே அளவில் நிற்க வேண்டும். அந்த நடுச்சுரங்கள் ஒதுங்கிப்போயின. கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சின்ன இழப்பு இல்லை.

2014-இல் யுனெஸ்கோ டோம்பிரா குய் கலையை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2018 முதல் ஜூலை முதல் ஞாயிறு தேசிய டோம்பிரா நாள். அகாவுக்கு அன்றும் கிரேன் ஷிப்ட்தான். "எனக்கு ஞாயிறு எது, புதன் எது" என்றார்.

நான் வாங்கிய முதல் டோம்பிரா ஒரு நினைவுப்பொருள் கடையில். வார்னிஷ் பளபளக்க, குடத்தில் ஒட்டகமும் கூடாரமும் வரைந்திருந்தது. அகா அதை வாங்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "சுவரில் மாட்டு, நல்ல சாமான்" என்றார். பிறகு அவரே தன் ஊரிலிருந்து ஒன்று கொண்டுவந்தார். மூன்று மாதத்தில் 'பல்பிராவுன்' குய்யின் முதல் பகுதி கைக்கு வந்தது. கஷ்டம் இடக்கைப் பெருவிரலில். கழுத்துக்குப் பின்னால் சும்மா கிடக்காமல், அது மேலே எழும்பி வந்து மேல் நரம்பை அழுத்த வேண்டும். எங்கள் ஊரில் அந்த விரலுக்கு அப்படி ஒரு வேலை கொடுத்ததே இல்லை.

செவ்வாய் இரவே புது நரம்பைக் கட்டி, காதைத் திருகி, இரண்டு நரம்பையும் ச-ம தூரத்தில் சுருதி சேர்த்து, பல்பிராவுனை வாசித்துப் பதிவு செய்து அகாவுக்கு அனுப்பினேன். அவர் இப்போது ஓய்வுபெற்றுப் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். மறுநாள் காலையில் பதில் குரல் வந்தது. "நரம்பு நன்றாக இருக்கிறது. ஆனால் நீ வாசிப்பது குதிரை இல்லை தம்பி. ஒட்டகம். அதுவும் தண்ணீர் குடித்த ஒட்டகம்."

நேற்று மறுபடி அந்தத் தூண்டில் கடைக்குப் போனேன், 0.7 இருந்தால் கை கொஞ்சம் வேகமாகப் போகுமோ என்று ஒரு நப்பாசை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"போன தடவை வாங்கிய நரம்பில் என்ன சார் சிக்கியது?"

"ஒட்டகம்" என்றேன்.